ஆலைகளின் ஊரும் கோபுரங்களின் ஊரும்: மும்பை சொல்லும் நகரப் பாடம்

(நகரமயமாதல் குறித்த அரசியல் வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2017 செப்டம்பர் 29 அன்று காலை, மும்பையின் எல்பின்ஸ்டன் ரோடு ரயில் நிலையத்தையும் பரேல் நிலையத்தையும் இணைக்கும் நடைமேம்பாலத்தில் பெரும் நெரிசல் ஏற்பட்டது. மழைக்கு ஒதுங்கி நின்றவர்களும், அடுத்தடுத்து வந்த ரயில்களிலிருந்து இறங்கியவர்களும் ஒரே குறுகிய படிக்கட்டில் சிக்கிக்கொண்டனர். 23 பேர் மாண்டனர். மழையும் பீதியும் காரணங்களாகக் கூறப்பட்டன. ஆனால் அந்த நிலையத்தைச் சுற்றியுள்ள நிலத்தின் வரலாற்றை அறிந்தவர்கள் வேறொரு காரணத்தையும் கண்டனர்.

அந்த வட்டாரம் ஒரு காலத்தில் பஞ்சாலைகளின் வட்டாரம். ஆலைத் தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோர் ஆலைக்கு நடந்து வரும் தொலைவில் வாழ்ந்தனர். சங்கொலி கேட்டுக் கிளம்பினால் போதும். ஆலைகள் மூடப்பட்டபின் அதே நிலத்தில் நிதி நிறுவனங்களின் கோபுரங்களும் வணிக வளாகங்களும் எழுந்தன. அவற்றில் வேலை செய்யும் லட்சக்கணக்கானோர் தொலைதூரப் புறநகர்களிலிருந்து ரயிலில் வந்து இறங்குகின்றனர். நிலத்தின் பயன் மாறியது, விலை மாறியது, அங்கு வரும் மனிதர் கூட்டம் பன்மடங்கானது. பாலம் மட்டும் மாறவில்லை. ஒரு நகரத்துக்காகக் கட்டப்பட்ட படிக்கட்டில் இன்னொரு நகரம் இறங்கி நெரிபட்டு மாண்டது.

இந்த இரண்டு நகரங்களுக்கும் இடையே நிகழ்ந்தது என்ன என்பதை விளக்குவதே நகரம் பற்றிய ஆய்வின் வேலை.

உபரியும் நகரமும்

நகரம் எப்படித் தோன்றுகிறது என்ற வினாவுக்குப் பள்ளிப் பாடநூல்கள் தரும் விடை எளிமையானது: ஆற்றங்கரை, துறைமுகம், கணவாய், சாலைச் சந்திப்பு. இவை பொய்யல்ல, ஆனால் போதுமானவையும் அல்ல. கடற்கரை முழுவதும் துறைமுகம் ஆவதில்லை. எல்லா ஆற்றங்கரையிலும் நகரம் எழுவதில்லை.

தொல்லியல் அறிஞர் கோர்டன் சைல்டு 1950இல் எழுதிய ‘நகரப் புரட்சி’ என்ற புகழ்பெற்ற கட்டுரையில் இவ்வினாவை வேறு விதமாக அணுகினார். உழவர் தம் தேவைக்கு மேல் விளைவிக்கும் உபரி ஓரிடத்தில் குவிக்கப்படும்போதே, உழவில் ஈடுபடாத கைவினைஞர், வணிகர், பூசாரி, எழுத்தர், ஆள்வோர் ஆகியோரைத் தாங்கும் நகரம் சாத்தியமாகிறது என்பது அவரது கருத்தின் சாரம். அதற்கு முன்பே மார்க்சும் எங்கெல்சும், நகரமும் கிராமமும் பிரிந்ததை உழைப்புப் பிரிவினையின் வரலாற்றில் ஒரு மாபெரும் திருப்பமாகக் கண்டனர். ஆகவே நகரம் பற்றிய முதற் கேள்வி அது எங்கே இருக்கிறது என்பதன்று. யாருடைய உபரி அங்கே குவிகிறது, அதை யார் கையாள்கின்றனர் என்பதே.

நகரத்தின் வளர்ச்சியைப் பற்றியும் இதே போன்ற மயக்கம் உண்டு. 1920களில் சிகாகோ பல்கலைக்கழகத்தின் எர்னஸ்ட் பர்ஜெஸ், நகரம் நடுவிலிருந்து வளையம் வளையமாக வெளியே விரிகிறது என்று ஒரு வரைபடம் வகுத்தார். காட்டில் ஒரு செடியினத்தை மற்றோர் இனம் அகற்றி வளர்வதைப்போல, நகரின் ஒரு பகுதியிலிருந்து ஒரு கூட்டத்தாரை மற்றொரு கூட்டத்தார் அகற்றுகின்றனர் என்றது அந்தக் கொள்கை. ஆனால் நகரில் மனிதரை இடம்பெயர்ப்பது இயற்கையன்று. அரசாணை பெயர்க்கிறது, குத்தகைப் பத்திரம் பெயர்க்கிறது, நிலவிலை பெயர்க்கிறது, தேவைப்பட்டால் காவல்துறை பெயர்க்கிறது. மும்பையின் வரலாறு இதற்குத் திறந்த புத்தகம்.

தீவுகள் நகரமான கதை

1661இல் போர்ச்சுகல் இளவரசி கேத்தரின், இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லசை மணக்கச் செய்துகொண்ட உடன்படிக்கையில் சீதனமாகக் கைமாறியது பம்பாய். 1668இல் மன்னர் அதை ஆண்டுக்குப் பத்துப் பவுண்டு வாடகைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் ஒப்படைத்தார். அன்று அது ஏழு தீவுகளின் தொகுப்பு. இடையே சதுப்பும் கடல்நீரும். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து அணைகளும் தரைப்பாலங்களும் கட்டி, தாழ்நிலங்களை மேடாக்கி, அந்தத் தீவுகளை ஒரே நிலமாக்கினர். இன்று உலகின் விலையுயர்ந்த நிலங்களுள் ஒன்றாகப் பேசப்படும் மும்பையின் பெரும்பகுதி இயற்கை கொடுத்ததன்று; கூடை கூடையாக மண்ணும் கல்லும் சுமந்த உழைப்பு கொடுத்தது.

துறைமுகம் முதலில் கொழித்தது மால்வாப் பகுதியின் அபினாலும் தக்காணத்தின் பருத்தியாலும். சீனத்துக்கு அபின், லங்காஷயருக்குப் பருத்தி. 1853 ஏப்ரல் 16 அன்று போரிபந்தரிலிருந்து தாணேவுக்கு இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது; அடுத்து வந்த ஆண்டுகளில் ரயில்பாதை பருத்திக் காடுகளைத் துறைமுகத்தோடு பிணைத்தது. 1861 முதல் 1865 வரை அமெரிக்க உள்நாட்டுப் போரால் அங்கிருந்து பருத்தி வரவு நின்றபோது பம்பாயில் பணமழை பெய்தது. அந்தப் பணம் கடலைத் தூர்த்து நிலமாக்கும் கம்பெனிகளின் பங்குகளில் கொட்டப்பட்டது. 1865இல் போர் முடிந்ததும் பங்குகள் சரிந்தன, வங்கிகள் கவிழ்ந்தன. நில ஊக வணிகம் இன்று நேற்றுப் பிறந்ததன்று. அது இந்த நகரின் தொட்டில் தோழன்.

காவஸ்ஜி நானாபாய் தாவர் 1854இல் நிறுவிய முதல் பஞ்சாலை 1856இல் தார்தேவில் உற்பத்தியைத் தொடங்கியது. அடுத்த அரை நூற்றாண்டில் லால்பாக், பரேல், வொர்லி, பைகுல்லா எங்கும் புகைபோக்கிகள் எழுந்தன. ரத்னகிரி, சதாரா மாவட்டங்களிலிருந்து நிலம் தாங்காத குடும்பங்கள் ஒருவரையோ இருவரையோ ஆலைக்கு அனுப்பின. 1911 கணக்கெடுப்பில் நகர மக்களில் ஐந்தில் நால்வர் நகருக்கு வெளியே பிறந்தவர்கள். ஊரில் உள்ள சிறு நிலமும் மனைவியின் உழைப்பும் தொழிலாளியின் குடும்பத்தைக் காத்தன. அதனால் ஆலை முதலாளி குடும்பத்துக்கான கூலியைக் கொடுக்காமல் ஒற்றை ஆளுக்கான கூலியோடு தப்பித்தார். நகரத்தின் செலவில் ஒரு பங்கைக் கிராமம் சுமந்தது.

இடிப்பதே சுகாதாரம்

1896இல் பம்பாயில் பிளேக் நோய் பரவியது. லட்சக்கணக்கானோர் நகரைவிட்டு ஓடினர். ஆலைகளும் துறைமுகமும் நின்றுவிடும் என்ற அச்சம் அரசைப் பிடித்தது. 1898இல் பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை அமைக்கப்பட்டது. நெருக்கடியான குடியிருப்புகளை இடித்து அகன்ற சாலைகள் போடுவதும், கடற்காற்று நகருக்குள் புகுமாறு வழி திறப்பதும் அதன் முதன்மை வேலைகளாயின. நோய்க்குக் காரணமாகச் சுட்டப்பட்டது ஏழையின் வீடு. அவனை அந்த வீட்டில் பத்துப் பேரோடு அடைத்த கூலி சுட்டப்படவில்லை. இடிப்பு விரைவாகவும் மறுகட்டுமானம் மெதுவாகவும் நடந்தன. வீடிழந்தவர்கள் பக்கத்துத் தெருவில் முன்னிலும் நெருக்கமாக அடைந்தனர், வாடகை ஏறியது.

எங்கெல்ஸ் 1872இல் எழுதிய ‘குடியிருப்புப் பிரச்சினை’ இதையே முன்கூட்டிக் கூறியிருந்தது. பாரிஸ் நகரைப் பிளந்து ஹவுஸ்மன் சாலைகள் அமைத்ததைச் சுட்டி, முதலாளித்துவம் சேரியை ஒழிப்பதில்லை, அதை வேறோர் இடத்துக்கு நகர்த்துகிறது என்று அவர் விளக்கினார். அன்று சுகாதாரம் என்ற பெயரில் நடந்தது. இன்று மறுமேம்பாடு என்ற பெயரில் நடக்கிறது.

கிரண்காவ்: ஓர் ஊரின் உடலமைப்பு

மராத்தியில் ‘கிரண்காவ்’ என்றால் ஆலைகளின் ஊர். அதன் வீடு ‘சால்’ எனப்படும் நீண்ட அடுக்குக் கட்டடம்: பொது நடைக்கூடம், வரிசையாக ஒற்றை அறைகள், தளக்கோடியில் பொதுக் கழிப்பறை, பொதுக் குழாய். 1920இல் அமைக்கப்பட்ட பம்பாய் வளர்ச்சித் துறை வொர்லி, நாய்காவ், டிலைல் ரோடு, சிவ்ரி ஆகிய நான்கு இடங்களில் 207 சால்களைக் கட்டியது. ஓர் அறையின் பரப்பு 160 சதுர அடி. அந்த அறையில் ஒரு ஷிப்டுக்காரர் எழுந்து போக, மற்றொரு ஷிப்டுக்காரர் வந்து படுப்பார்.

வேலையும் வீடும் ஒரே தெருவில் அமைந்ததன் அரசியல் விளைவு பெரிது. ஆலை வாசலில் எழுந்த பேச்சு மாலையில் சால் முற்றத்துக்கு வந்துவிடும். வேலைநிறுத்தக் காலத்தில் கடைக்காரர் கடன் கொடுப்பார். பெண்கள் நடத்திய உணவு இல்லங்கள் கணக்கில் எழுதிச் சோறு போடும். 1908இல் திலகருக்கு ஆறாண்டுத் தண்டனை விதிக்கப்பட்டபோது பம்பாய்த் தொழிலாளர் ஆறு நாள் வேலைநிறுத்தம் செய்தனர். இந்தியத் தொழிலாளி வர்க்கம் அரசியல் போராட்டத்துக்கு முதிர்ந்துவிட்டது என்று லெனின் அதை வரவேற்றார். 1920இல் அகில இந்தியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் இந்நகரில் பிறந்தது. 1928இல் ஆறு மாத காலம் நீடித்த பொது வேலைநிறுத்தத்தில் செங்கொடியின் கிர்ணி காம்கார் சங்கம் உருவெடுத்தது. 1946 கடற்படை எழுச்சியின்போது மாலுமிகளுக்காகத் தெருவில் இறங்கியதும், பின்னர் ஒன்றுபட்ட மகாராஷ்டிரத்துக்காகக் குண்டடிபட்டதும் இந்த ஊர்தான்.

ஆயினும் அந்த ஊருக்குள்ளும் கோடுகள் இருந்தன. அறுந்த நூலை வாயால் உறிஞ்சித் தறிநாடாவில் கோக்க வேண்டியிருந்ததால் ‘தீட்டு’ என்று கூறி, கூடுதல் கூலி தரும் நெசவுப் பிரிவில் தலித் தொழிலாளர் அனுமதிக்கப்படவில்லை. 1928 வேலைநிறுத்தத்தின்போது டாக்டர் அம்பேத்கர் இந்த அநீதியை எழுப்பினார். பரேலில் மேம்பாட்டு அறக்கட்டளையின் சால் ஒன்றில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தவர் அவர். வர்க்க ஒற்றுமையைப் பேசும் இயக்கம் சாதிக்கோட்டைக் காணத் தவறினால் அந்த ஒற்றுமை அரைகுறையாகவே நிற்கும் என்ற பாடத்தை அந்நாளைய ஆலைத்தளம் கற்பித்தது. பின்னாளில் மொழிக்கோடும் கிழிக்கப்பட்டது. 1966இல் தோன்றிய சிவசேனை, வேலையின்மைக்கு ‘மதராசிகளே’ காரணம் என்று சொல்லித் தென்னிந்தியத் தொழிலாளர்மீதும் செங்கொடிமீதும் தாக்குதல் தொடுத்தது. பரேல் பகுதியின் கம்யூனிஸ்ட் சட்டமன்ற உறுப்பினர் கிருஷ்ணா தேசாய் 1970 ஜூனில் படுகொலை செய்யப்பட்டார். அதையடுத்த இடைத்தேர்தலில்தான் சிவசேனை தன் முதல் சட்டமன்ற இடத்தைப் பெற்றது. ஆலைகளின் ஊரைக் கைப்பற்றுமுன் அதன் ஒற்றுமையை உடைக்க வேண்டியிருந்தது.

துணியைவிட நிலம் லாபம்

1982 ஜனவரி 18 அன்று, டாக்டர் தத்தா சாமந்த் தலைமையில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். கூலி, போனஸ், ‘பத்லி’ எனப்படும் மாற்றுத் தொழிலாளருக்கு நிரந்தரம், ஒரே ஒரு சங்கத்துக்கு மட்டும் அங்கீகாரம் தந்த சட்டத்தை நீக்குதல் ஆகியவை கோரிக்கைகள். அந்த வேலைநிறுத்தம் முறைப்படி முடித்துக்கொள்ளப்படவே இல்லை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலையிழந்தனர்.

வேலைநிறுத்தம்தான் ஆலைகளைக் கொன்றது என்ற கதை இன்றும் சொல்லப்படுகிறது. ஆலை முதலாளிகள் பல ஆண்டுகளாகவே இயந்திரங்களைப் புதுப்பிக்காமல் லாபத்தை வேறு தொழில்களுக்குத் திருப்பியிருந்தனர். துணி உற்பத்தியும் அழிந்துவிடவில்லை. பிவண்டி, மாலேகாவ், இச்சல்கரஞ்சி ஆகிய ஊர்களின் விசைத்தறிக் கூடங்களுக்குப் பெயர்ந்தது. அங்கே பன்னிரண்டு மணி நேர வேலை, சங்கம் அரிது, சமூகப் பாதுகாப்பு இல்லை. தொழில் போன இடம் பிவண்டி. நிலம் எஞ்சிய இடம் பரேல். நகரின் நடுவே சுமார் 600 ஏக்கர் ஆலை நிலம், துணி நெய்வதைவிட விற்றால் லாபம் என்ற நிலைக்கு வந்துவிட்டது.

மார்க்சிய அரசியல் பொருளாதாரம் இதை நில வாடகை என்ற கருத்தால் விளக்குகிறது. பரேலின் ஒரு சதுர அடிக்கு விலையை ஏற்றியது அந்நிலத்தின் உடைமையாளர் அல்லர். அரசு போட்ட ரயில்பாதை, மாநகராட்சி கொண்டுவந்த குடிநீர், ஒன்றரை நூற்றாண்டு உழைத்த மக்கள், அவர்கள் உருவாக்கிய சந்தை ஆகிய அனைத்தும் சேர்ந்தே அந்த மதிப்பை உண்டாக்கின. சமூகம் உண்டாக்கிய மதிப்பைத் தனியுடைமை அறுவடை செய்கிறது.

இந்தக் கேள்விக்கு மகாராஷ்டிர அரசின் 1991ஆம் ஆண்டு வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதிகள் ஒரு பாதி விடை தந்தன. விதி 58இன்படி, விற்பனைக்கோ மறுமேம்பாட்டுக்கோ வரும் ஆலை நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு பூங்கா, மைதானம் போன்றவற்றுக்காக மாநகராட்சிக்கு. ஒரு பங்கு பொது வீட்டுவசதிக்காக மாநில வீட்டுவசதி வாரியத்துக்கு. எஞ்சிய பங்கு உடைமையாளருக்கு. 2001இல் இந்த விதி திருத்தப்பட்டது. கட்டடம் இல்லாத வெற்று நிலத்துக்கு மட்டுமே பங்கீடு பொருந்தும் என்றாயிற்று. ஆலை வளாகம் என்றால் பெரும்பகுதி கட்டடம்தான். ஆகவே பொதுப் பங்கு ஒரு சிறு துண்டாகச் சுருங்கியது. சில சொற்களை மாற்றியதில் ஒரு நகரத்தின் பூங்காக்களும் வீடுகளும் போயின. 2005 அக்டோபரில் பம்பாய் உயர் நீதிமன்றம் பொதுப் பங்கைக் காக்கும் வகையில் தீர்ப்பளித்தது. 2006 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றித் திருத்தத்தை உறுதிசெய்தது. இதற்கிடையில், 2005இல், பொதுத்துறை நிறுவனமான தேசிய பஞ்சாலைக் கழகமே ஐந்து ஆலைகளின் நிலத்தை விற்றது. அவற்றுள் மும்பை டெக்ஸ்டைல் மில்லின் ஏறத்தாழ 17 ஏக்கர் மட்டும் 702 கோடி ரூபாய்க்குப் போனது. நெரிசல் நடந்த நிலையத்தின் பெயரைத் தாங்கிய எல்பின்ஸ்டன் மில்லின் நிலமும் அந்த ஐந்தில் ஒன்று.

வெளியே, மேலும் வெளியே

வீட்டு உரிமை கேட்டுப் போராடிய ஆலைத் தொழிலாளரும் அவர்தம் வாரிசுகளும் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர் விண்ணப்பித்தனர். 2012 முதல் குலுக்கல் முறையில் ஒதுக்கப்பட்ட வீடுகள் அதில் பத்தில் ஒரு பங்கைச் சுற்றியே நின்றன. எஞ்சியோருக்காக அரசு காட்டிய இடங்களுள் ஷேலு, வாங்கணி ஆகிய ஊர்களும் அடங்கும். அவை மும்பையின் மையத்திலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் தொலைவில் உள்ளவை. அதை ஏற்க மறுத்து, மும்பைக்குள்ளேயே வீடு வேண்டும் என்று 2025 ஜூலையில் முதிய தொழிலாளர்கள் ஆசாத் மைதானத்தில் திரண்டனர்.

இது தனிக்கதையன்று. 1981இல் நடைபாதைவாசிகளைப் பேருந்தில் ஏற்றி நகருக்கு வெளியே அனுப்ப அரசு முனைந்தது. அதை எதிர்த்த வழக்கில், வாழ்வாதாரம் உயிர்வாழும் உரிமையின் பகுதி என்று 1985இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எனினும் வெளியேற்றத்தைத் தடைசெய்யவில்லை. கொள்கை கிடைத்தது, கூரை கிடைக்கவில்லை. 2011 கணக்கெடுப்பில் 1.24 கோடி மக்கள் வாழ்ந்த மும்பையில் ஐந்தில் இரண்டு பங்கினர் குடிசைப் பகுதிகளில் இருந்தனர்.

அவற்றுள் தாராவி தமிழ் வாசகர்க்கு அறிமுகமானது. நகரின் விளிம்பில் கிடந்த சதுப்பைத் தூர்த்து அதை ஊராக்கியவர்களுள் திருநெல்வேலிச் சீமையிலிருந்து சென்று தோல் பதனிடும் தொழிலில் உழைத்த தமிழர்கள் உண்டு. சௌராஷ்டிரத்துக் குயவர்கள் உண்டு. பின்னர் வந்த உத்தரப் பிரதேசத்துத் தையல் தொழிலாளர்கள் உண்டு. நகரம் வடக்கே வளர வளர, விளிம்பு நடுவாயிற்று, சதுப்பு பொன்னாயிற்று. 2022 நவம்பரில் தாராவி மறுமேம்பாட்டுக்கான ஏலத்தை 5,069 கோடி ரூபாய்க்கு அதானி குழுமம் வென்றது. 2000 ஜனவரி 1க்கு முன் தரைத்தளத்தில் இருந்ததை நிறுவுவோருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு. பின்னர் வந்தோருக்கும் மேல்மாடியில் குடியிருப்போருக்கும் தாராவிக்கு வெளியே இடம். அதற்காக உப்பள நிலங்களும், தேவ்னார் குப்பைக் கிடங்கின் நிலமும் குறிக்கப்பட்டுள்ளன. தாராவியில் வீடும் பட்டறையும் பிரிந்தவை அல்ல; கீழே தையல், மேலே உறக்கம். மேல்மாடிக்காரரை வெளியேற்றுவது குடியிருப்பை மட்டுமன்று, ஒரு தொழில் அமைப்பையே அறுப்பதாகும்.

யார் தீர்மானிப்பது?

1992இல் நிறைவேறிய அரசியல் சட்டத்தின் 74ஆவது திருத்தம் நகரத் திட்டமிடலை நகராட்சி அமைப்புகளின் பொறுப்புகளில் ஒன்றாகப் பட்டியலிட்டது. நடைமுறையில் மும்பையின் நிலத்தைத் தீர்மானிப்பவை மாநில அரசுக்குக் கட்டுப்பட்ட வளர்ச்சி ஆணையங்களும் வாரியங்களுமே. தேர்ந்தெடுக்கப்பட்ட மாநகராட்சி மன்றத்தின் காலம் 2022 மார்ச்சில் முடிந்தபின், மூன்றாண்டுகளுக்கும் மேலாக மாநகராட்சி அதிகாரியின் ஆட்சியில் விடப்பட்டது. நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டத்தை ஒன்றிய அரசு 1999இலும் மகாராஷ்டிரம் 2007இலும் கைவிட்டன.

பொதுப்பணம் எங்கே போகிறது என்பதும் கண்கூடு. 2024 ஜனவரியில் சிவ்ரியையும் நவி மும்பையையும் இணைத்துத் திறக்கப்பட்ட 21.8 கிலோமீட்டர் கடற்பாலத்துக்கு 17,000 கோடி ரூபாய்க்கு மேல் செலவானது. அதில் இருசக்கர வாகனத்துக்கும் ஆட்டோவுக்கும் அனுமதி இல்லை. ஆனால் நாள்தோறும் எழுபது லட்சம் பேரைச் சுமக்கும் புறநகர் ரயில்பாதையில் ஆண்டுக்கு ஈராயிரத்துக்கும் மேற்பட்டோர் அடிபட்டும் விழுந்தும் இறக்கின்றனர். எல்பின்ஸ்டன் நிலையத்தில் புதிய நடைமேம்பாலம் கட்ட 23 உயிர்கள் போக வேண்டியிருந்தது. அதன்பின் ராணுவத்தை அழைத்து ஐந்தே மாதங்களில் கட்டி முடித்தனர். ஆக, அதைக் கட்டும் ஆற்றல் அரசுக்கு எப்போதும் இருந்தது, விருப்பம்தான் இல்லை.

இதிலிருந்து எழும் கோரிக்கைகள் தெளிவானவை. பொது நிலத்தின் கணக்கு மக்கள்முன் வைக்கப்பட வேண்டும். அது விற்கப்படக் கூடாது. வெளியேற்றம் கூடாது, மறுகுடியமர்வு அதே இடத்தில், தொழிலோடு சேர்த்து அமைய வேண்டும். எட்டக்கூடிய வாடகையில் பொது வீடுகள் வேண்டும். திட்டமிடும் அதிகாரம் தேர்ந்தெடுக்கப்பட்ட நகர மன்றங்களுக்கும் வட்டாரக் குழுக்களுக்கும் வர வேண்டும். கேரளம் 2010இல் அய்யன்காளி பெயரில் தொடங்கியதுபோல் நகர்ப்புற வேலை உறுதித் திட்டம் நாடு முழுவதும் வேண்டும்.

இயக்கத்துக்கும் ஒரு பாடம் உண்டு. கிரண்காவில் ஆலையும் வீடும் அருகருகே இருந்ததால், ஆலையில் கட்டிய சங்கம் தானாகவே தெருவுக்கு வந்தது. இன்று மூலதனம் அந்த இரண்டையும் பிரித்துவிட்டது. வேலை ஒரு கோபுரத்தில், வீடு எண்பது கிலோமீட்டருக்கு அப்பால், சக தொழிலாளி வேறொரு ரயிலில். ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளியும், பொருள் விநியோகிக்கும் இளைஞரும், வீட்டு வேலை செய்யும் பெண்ணும் ஒரே வாசலில் சந்திப்பதில்லை. அவர்கள் சந்திக்கும் இடங்கள் குடிநீர்க் குழாய், ரேஷன் கடை, ரயில் நடைமேடை, பட்டா கேட்டு நிற்கும் அலுவலக வரிசை. சங்கம் அங்கே போய் நிற்க வேண்டும். குடியிருப்புப் போராட்டம் கூலிப் போராட்டத்தின் தங்கையன்று, அதன் மறுபாதி.

கடலைத் தூர்த்தவர், நூல் நூற்றவர், சதுப்பை ஊராக்கியவர் ஆகிய அனைவரும் நகரத்தை உண்டாக்கியபின் அதன் எல்லைக்கு வெளியே நிறுத்தப்பட்டுள்ளனர். ஆசாத் மைதானத்தில் திரண்ட முதியவர்கள் கேட்டது சலுகையன்று. தாங்கள் உண்டாக்கிய ஊரில் ஓர் அறை கேட்டனர்.